விளக்கு விற்றவர்தான் முதலில் எங்களிடம் தமிழில் பேசினார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் 31 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வயது 64. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்து, பிறகு என்டிசி தொழிற்சான்றிதழ் வாங்கி, முதலில் கப்பல் பட்டறையிலும் அப்புறம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் விளக்குப் பராமரிப்பிலும் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக்குத் தமிழ் நாளிதழ் வருகிறது. ஆனால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அனுப்புங்க, நாலு பேருக்கு உதவும்" என்று அவர் சொன்ன பிறகே அனுப்புகிறேன்.

மனச்சோர்வுக்கும் ஞாபக மறதிக்கும் நல்லது என்று சொல்லி, நம் வட்டாரங்களில் மூத்தோருக்கு விற்கப்படும் சிவப்பு ஒளி விளக்குகளைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஒரு பலகையும் தலையில் மாட்டிக்கொள்ளும் தொப்பியும் சேர்த்து விலை 2,680 வெள்ளி. அது வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் என் மனைவி மருந்தை நிறுத்திவிட்டார். நான் பேனா எடுத்ததற்குக் காரணம் பணம் இல்லை, அந்தப் பத்தாம் நாள்தான்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் மலேசியாவின் குளுவாங். 1988ல் கல்யாணமாகி இங்கு வந்தார். 22 ஆண்டுகள் ஒரு தொடக்கப்பள்ளி உணவகத்தில் கடை நடத்தினார். விடிகாலை 4 மணிக்கு எழுந்து சம்பால் கிளறத் தொடங்கினால் மதியம் இரண்டு மணி வரை நின்றே இருப்பார். முழங்கால் விட்டுப் போனதால் கடையை ஒப்படைத்தார். அந்த வருடமே குளுவாங்கில் இருந்த அவருடைய அக்கா தவறிவிட்டார். அக்காவுக்குக் கடைசி ஐந்து ஆண்டுகள் முதுமை மறதி நோய். தங்கையின் பெயரே நினைவில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு வீட்டில் நடந்ததை நான் சீக்கிரம் புரிந்துகொள்ளவில்லை. பழைய பழக்கப்படி 4 மணிக்கு எழுந்துவிடுவார். ஆனால் விளக்கைப் போடாமல் அடுப்பங்கரை நாற்காலியில் இருட்டில் உட்கார்ந்திருப்பார். சாம்பாரில் உப்பு இருக்காது, இல்லாவிட்டால் இரண்டு தடவை விழுந்திருக்கும். வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்த ஹோலி ட்ரீ பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தீபாவளிக்கு முறுக்கு அச்சு வெளியே வரவில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, எனக்கும் அக்கா மாதிரி ஆயிருச்சு" என்று அழுதார்.

பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போனோம். மருத்துவர் நல்லவர், பொறுமையாகச் சோதித்தார். இது முதுமை மறதி நோய் போல் தெரியவில்லை, மனச்சோர்வு, வயதானவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் மறதி போலவே காட்டும் என்று சொன்னார். செர்ட்ராலின் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றும் சொன்னாராம். இந்த 'சொன்னாராம்' முக்கியம். எல்லாமே ஆங்கிலத்தில் நடந்தது. மருத்துவர் பேசப் பேச எங்கள் மகள் துண்டு துண்டாக மொழிபெயர்த்தார். பாவம், அவருக்கும் மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தெரியாது. என் மனைவியின் காதில் நின்றது 'டிப்ரஷன்' என்ற ஒரு சொல் மட்டும்தான். அவர் அதைப் 'பைத்தியம்' என்று எடுத்துக்கொண்டார். மாத்திரையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் சாப்பிட்டார்.

மூன்று வாரம் கழித்து, பக்கத்துப் புளோக் பெண்கள் அவரைக் கடைத்தொகுதி ஒன்றில் இருந்த கடைக்குக் கூட்டிப் போனார்கள். கடையின் பெயரை எழுத விரும்பவில்லை. காலை 9 மணிக்கு நாற்காலி போட்டு, மூத்தோருக்கு 20 நிமிடம் இலவசமாகச் சிவப்பு ஒளி காட்டுவார்கள். அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், இவரைப் 'பெரியம்மா' என்று கூப்பிட்டு, பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து பேசியிருக்கிறார். "பெரியம்மா, உங்க மூளைச் செல்லுங்க பட்டினி கிடக்குது. இந்த வெளிச்சம் அதுங்களுக்குச் சாப்பாடு." 22 வருடம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டவரிடம் இப்படிச் சொன்னால் எப்படி விளங்காமல் போகும்? மருத்துவர் சொன்னதில் புரியாத எல்லாமே அவருக்கு அங்கே ஒரு நொடியில் புரிந்துவிட்டது. கேண்டீன் சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்துக் கட்டிவிட்டார்.

அவர் நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். எங்கள் மகள் 1991ல் பிறந்தபோது மூன்றாம் நாளே உடம்பெல்லாம் மஞ்சள். கண்ணைக் கட்டி, நீல விளக்கின் கீழே இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மஞ்சள் இறங்கிவிட்டது. "நம்ம பிள்ளைய வெளிச்சந்தானே காப்பாத்துச்சு, என்னையும் காப்பாத்தும்" என்றார். அந்தப் பேச்சுக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அது உண்மை. 1956ல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் வார்டு என்ற தாதி, மஞ்சள் காமாலைப் பிள்ளைகளை வெயிலுக்குத் தூக்கிப் போவார். வெயில் பட்ட தோல் வெளுத்தும் துணி மூடிய இடம் மஞ்சளாகவும் இருப்பதை அவர்தான் மருத்துவர்களுக்குக் காட்டினார். இரண்டு ஆண்டுக்குள் அங்கிருந்தவர்கள் விளக்குத் தொட்டிலே செய்துவிட்டார்கள். நீல ஒளி பிலிருபின் என்ற மஞ்சள் பொருளின் வடிவத்தை மாற்றிவிடுகிறது, உடம்பு அதை வெளியே தள்ளிவிடுகிறது. ஒளி மருந்தாகும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் எங்கள் பிள்ளை இருந்த மருத்துவமனையில் நான் பார்த்ததும் நினைவிருக்கிறது. பிள்ளையின் குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, பிலிருபின் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எண் இறங்கியதும் விளக்கை அணைத்தார்கள். ஏறியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பார்கள். இங்கே எங்கள் வீட்டு வரவேற்பறையில் யார் எதை அளந்தார்கள்?

விளக்கு வந்த முதல் வாரம் என் மனைவி கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தார். தலை வாரினார், பூ வைத்தார், கடைக்குப் போய்க் கோப்பி குடித்துவிட்டு வந்தார். பத்தாம் நாள், "வெளிச்சம் போதும், இனிமே மாத்திரை எதுக்கு" என்று தானாகவே நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. கடையில் அப்படிச் சொன்னார்களா என்று கேட்டேன். "மருந்தெல்லாம் உடம்புக்குச் சூடு, விளக்கு இயற்கை" என்று சொன்னார்களாம். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

நிறுத்திய மூன்றாம் நாள் தலைசுற்றல், வாந்தி வருவது போன்ற உணர்வு, தூக்கமே இல்லை. கண்ணைத் திருப்பினால், "தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குங்க" என்றார். 40 ஆண்டு மின்சாரத்தோடு வேலை செய்தவனுக்கு அந்தச் சொல் போதும். தொப்பியில்தான் கசிவு என்று முடிவு கட்டினேன். பிளக்கைப் பிடுங்கி, மீட்டரை எடுத்து, காப்பு எதிர்ப்பு, நிலமிணைப்பு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். விளக்கில் ஒரு பழுதும் இல்லை.

மறுநாள் மருந்தகத்துக்கு ஓடினோம். அங்கே எங்கள் நல்ல நேரம், தமிழ் பேசும் மருந்தாளர் ஒருவர் இருந்தார். கேட்டவுடனே, "அம்மா, மாத்திரையைத் திடீர்னு நிறுத்துனீங்களா?" என்றார். இந்த வகை மருந்தைச் சட்டென்று விட்டால் சிலருக்குத் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் சோர்வு திரும்பி வரலாம், நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று விளக்கினார். அதோடு, இந்த மாத்திரை பைத்தியத்துக்கு இல்லை என்றும் சொன்னார். 'சர்க்கரைக்கு மாத்திரை மாதிரி இதுவும் ஒரு மாத்திரை' என்று அவர் சொன்னபோது என் மனைவி அழுதுவிட்டார். ஒரு மாதத்துக்கு மேலாக அவர் சுமந்த வெட்கம் அந்த ஐந்து நிமிடத் தமிழில் இறங்கியது.

அன்றிரவு தொடங்கி ஒரு மாதம், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தச் சிவப்பு ஒளியைப் பற்றிப் படித்தேன். விற்றவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. உண்மை இருக்கிறது. அதனால்தான் இது சிக்கல்.

இதன் தொடக்கம் ஹங்கேரியில். 1967ல் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் லேசர் ஒளி கெடுதல் செய்யுமா என்று பார்ப்பதற்காக, எலிகளின் முதுகில் முடியை மழித்து, மெல்லிய சிவப்பு லேசரைக் காட்டினார். புற்றுநோய் வரவில்லை. மழித்த முடி மற்ற எலிகளைவிட வேகமாக வளர்ந்தது. பிறகு ஆறாத புண்களுக்கு முயன்றார். விற்பவர்கள் எல்லாரும் சொல்லும் நாசா கதையும் வெறும் கதை இல்லை. விண்கலத்தில் செடி வளர்க்கச் செய்த சிவப்பு எல்இடி விளக்குகளை அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹாரி வீலன் என்ற மருத்துவர் புண் ஆற்றப் பயன்படுத்திப் பார்த்தார். புற்றுநோய் சிகிச்சையால் வாயெல்லாம் புண்ணாகி ஒரு வாய்ச் சோறு விழுங்க முடியாமல் தவிக்கும் நோயாளிகளுக்கு, அந்தப் புண் வராமல் தடுக்க இந்த ஒளியை இன்று அனைத்துலக மருத்துவ வழிகாட்டிகளே பரிந்துரைக்கின்றன. இது பெரிய விஷயம்.

செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் என் அறிவுக்கு எட்டியபடி சொல்கிறேன். நம் செல்கள் அனேகமாக எல்லாவற்றிலும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னச் சின்ன மின் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி சிவப்பு ஒளியையும், அதற்கு அடுத்துள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சுகிறது. அதனால் அந்த நிலையம் கூடுதலாகச் சக்தி உற்பத்தி செய்யலாம் என்பது ரஷ்ய ஆய்வாளர் தீனா கரு போன்றவர்கள் முன்வைத்த விளக்கம். 'மூளைச் செல்லுக்குச் சாப்பாடு' என்ற வாக்கியம் இங்கிருந்து பிறந்ததுதான்.

ஆனால் தோல் வேறு, மூளை வேறு. வாய்ப் புண்ணில் ஒளி நேராகப் படுகிறது. மூளைக்குப் போக வேண்டுமானால் முடி, தோல், எலும்பு, உறை என்று எல்லாவற்றையும் கடக்க வேண்டும். நீளமான கேபிளின் மறுமுனையில் மின்னழுத்தம் விழுந்துபோவதை நான் ஆயிரம் தடவை அளந்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான். நெற்றியில் படும் ஒளியில் மிகச் சிறிய பங்குதான் மூளையின் மேற்பரப்பைத் தொடும். ஆழத்தில் இருக்கும் பகுதிகளுக்கு அதைவிடக் குறைவு.

மனச்சோர்வுக்கு இதைச் சோதித்திருக்கிறார்களா? சோதித்திருக்கிறார்கள். 2009ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஃப்ரெட்ரிக் ஷிஃபர் குழுவினர் 10 பேருக்கு, நெற்றியில் இரண்டு இடத்தில் தலா 4 நிமிடம், 810 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளி கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் 6 பேருக்குச் சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. 2018ல் பாவ்லோ கசானோ குழு 21 பேரை வைத்து, 8 வாரம், வாரம் இரண்டு முறை என்று செய்தது. உண்மையான ஒளி பெற்றவர்கள், போலி ஒளி பெற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். விற்பனைத் தாளில் 'ஹார்வர்ட்' என்று போட்டிருந்தது இந்த மாதிரி ஆய்வுகளைத்தான். ஆனால் அதே வரிசையில் அடுத்து, கூடுதலானவர்களை வைத்து நடந்த ஆய்வில் உண்மை ஒளிக்கும் போலி ஒளிக்கும் வேறுபாடு தெரியவில்லை. அது தாளில் இல்லை.

போலி ஒளி என்பதை நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை, மகள்தான் விளக்கினார். அதே தொப்பி, அதே நாற்காலி, அதே நேரம், அதே தாதி, ஆனால் ஒளி மட்டும் வராது. அந்தக் குழுவிலும் பலருக்குத் தெளிவு வரும். என் மனைவியின் முதல் வாரத்தை நினைத்துப் பார்த்தேன். பல மாதங்களுக்குப் பிறகு காலையில் குளித்துச் சேலை மாற்றி வெளியே போனார், நாலு பெண்களோடு பேசினார், ஒரு பிள்ளை 'பெரியம்மா' என்று கூப்பிட்டது. நான் வேறு மாலை 20 நிமிடம் டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாத்திரையும் அப்போதுதான் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் இருந்தது, வேலை செய்யத் தொடங்கும் நேரம். எது எவ்வளவு செய்தது என்று எங்கள் வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிப்பதற்காகத்தான் இந்த ஆய்வுகளை இத்தனை பாடுபட்டு நடத்துகிறார்கள்.

பக்கவாத ஆய்வுகளை வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தலையை மழித்து 808 நானோமீட்டர் லேசர் காட்டினார்கள். விலங்குகளிடம் அருமையான பலன். 2007ல் முதல் ஆய்வு, 120 பேர், நல்ல பலன். 2009ல் இரண்டாம் ஆய்வு, 660 பேர், எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. மூன்றாவது ஆய்வில் பலன் இல்லை என்று கண்டு பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 120 பேரிடம் தெரிந்தது ஆள் கூடக் கூட மறைந்துவிட்டது. மனச்சோர்வுக்கான சிவப்பு ஒளி இன்னும் அந்த மாதிரிச் சின்ன ஆய்வுகளின் கட்டத்தைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. முதுமை மறதிக்கும் அதே நிலைதான். இனிமேல் நல்ல முடிவு வரட்டும், மனதார வேண்டுகிறேன். வந்தால் முதல் ஆளாக நானே வாங்கித் தருவேன். ஆனால் இன்று அதை மருந்துக்குப் பதிலாக விற்பது தப்பு.

அடுத்து, அளவு. என் தொழிலே அளவுதான் என்பதால் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஒளியின் அளவு இரண்டு எண்களைப் பெருக்கி வருவது: ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை மில்லிவாட் விழுகிறது, எத்தனை வினாடி விழுகிறது. 50 மில்லிவாட் 20 நிமிடம் பட்டால் 60 ஜூல். நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளினால் கணக்கே மாறிவிடும். எங்கள் பலகையோடு வந்த தாளில் '6 அங்குலம் முதல் 3 அடி வரை, விருப்பம்போல்' என்று இருந்தது. இந்த ஒளிக்கு இன்னொரு குணமும் உண்டு: குறைந்தால் பலனில்லை, அளவு மீறினாலும் பலன் குறையும், சில சமயம் தலைகீழாகும். ஆய்வாளர் மைக்கேல் ஹாம்ப்ளின் இதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். 'அதிக நேரம் உட்கார்ந்தால் அதிக நன்மை' என்று கடையில் சொன்னதை நம்பி என் மனைவி 40 நிமிடம் உட்கார்ந்த நாட்களும் உண்டு.

பலகையில் பாதி விளக்குகள் எரியவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று மகள் கோபப்பட்டார். கைப்பேசி கேமராவைக் காட்டச் சொன்னேன். டிவி ரிமோட் முனை தெரிவதுபோல் ஊதாப் புள்ளிகளாகத் தெரிந்தன. அவை அகச்சிவப்பு விளக்குகள், எரிந்துகொண்டுதான் இருந்தன. இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குக் கண் கூசாது, இமையும் மூடாது. பலகைக்கு முன் உட்காருவோர் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். கிட்டப்பார்வை மலிந்த நம் ஊரில் இது இன்னும் முக்கியம். சீனாவில் கிட்டப்பார்வைக்காகக் கண்ணுக்குள்ளேயே சிவப்பு லேசர் காட்டும் முறையில் ஐந்து மாதம் சிகிச்சை பெற்ற 12 வயதுச் சிறுமிக்கு விழித்திரை பாதிக்கப்பட்டதை 2023ல் மருத்துவ இதழிலேயே பதிவு செய்தார்கள். பாட்டி வாங்கிய விளக்கின் முன் பேரப்பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். மனச்சோர்வுக்கு ஒளிச் சிகிச்சை என்று மருத்துவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்வது வேறு. அது வெள்ளை ஒளி, 10,000 லக்ஸ் வெளிச்சம், காலையில் அரை மணி நேரம். நார்மன் ரோசென்தால் 1984ல் குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் வரும் சோர்வைப் பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்தது. கண் வழியாக உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்வது. 2016ல் 122 பேரிடம் நடந்த கனடிய ஆய்வில் பருவம் சாராத மனச்சோர்வுக்கும் அது உதவியது. நெற்றி வழியாக மூளைச் செல்லைத் தொட நினைக்கும் சிவப்பு ஒளி இன்னொரு வழி. கடைக்காரர் முதலாவதன் ஆதாரத்தைக் காட்டி இரண்டாவதை விற்றார்.

'அமெரிக்க எஃப்டிஏ அங்கீகாரம்' என்றும் பெட்டியில் பொன்னெழுத்தில் இருந்தது. எஃப்டிஏ என்பது அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. உள்ளே இருந்த தாளை மகள் வரிவரியாகப் படித்தார். அந்த அனுமதி 'தற்காலிகத் தசை வலி'க்கு. மூளை என்ற சொல்லே அதில் இல்லை. நம் சுகாதார அறிவியல் ஆணையத்தின் மருத்துவக் கருவிப் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. அதில் தேடினோம், எங்கள் கருவியின் பெயர் கிடைக்கவில்லை. கடைக்குத் தொலைபேசியில் கேட்டால், "அங்கிள், இது ஆரோக்கியப் பொருள்தான், மருத்துவக் கருவி இல்லை" என்றார்கள். விற்கும்போது மனச்சோர்வுக்கும் மறதிக்கும் மருந்து, கேள்வி கேட்டால் ஆரோக்கியப் பொருள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். அது ஒருபுறம் நடக்கட்டும்.

ஐயா, அந்தத் தமிழ்ப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குக் கொடுத்த பயிற்சியை அவர் சொன்னார். என் மனத்தை அரிப்பது வேறு. என் மனைவிக்கு மூளையைப் பற்றி, மனத்தைப் பற்றி, அவருக்குப் புரியும் தமிழில், பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிய முதல் ஆள் ஒரு விற்பனையாளர். மருந்தாளர் இரண்டாவது ஆள். நாங்கள் அவரைச் சந்தித்தது தற்செயல். தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. மருந்து உறையில் 'ஒரு நாளைக்கு ஒன்று' என்று ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் என் மனைவி போன்றவர்கள் யாரைக் கேட்பது?

மனநலக் கழகத்தின் ஆய்வின்படி, 60 வயதுக்கு மேற்பட்டோரில் முதுமை மறதி நோய் இருந்தவர்கள் 2013ல் 10 விழுக்காடு, 2023ல் 8.8 விழுக்காடு. குறைந்திருக்கிறது என்ற இந்த நல்ல செய்தியை நான் பேசிய மூத்தோரில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. 2024ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் கவனித்தால் ஏறத்தாழ 45 விழுக்காட்டு மறதி நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்றது. காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, தனிமை, உடலுழைப்பின்மை, கவனிக்காத மனச்சோர்வு எல்லாம் அதில் உண்டு. காது மந்தம் என்று படித்ததும், பட்டறைச் சத்தத்தில் பாதி காதை இழந்த நானே பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். இவற்றையெல்லாம் எங்கள் புளோக் கீழே இருக்கும் துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் யாராவது தமிழில் பேசினால் நாற்காலி போதாது. அந்தக் கடையில் காலை 9 மணிக்கு நாற்காலி போதாமல் இருந்ததே அதற்குச் சாட்சி.

எனவே சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தையும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களையும் சமூக மன்ற நற்பணிச் செயற்குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஒருமுறை, தமிழ் பேசும் மருந்தாளரோ தாதியோ ஒருவரை உட்கார வைத்து, மூத்தோர் தங்கள் மருந்துப் பையைக் கொண்டுவந்து கேட்க வழி செய்யுங்கள். என்ன விளக்கு, என்ன பொடி, என்ன எண்ணெய் வாங்கினோம் என்பதையும் வெட்கமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். உங்கள் நாளிதழ் வாரம் கால் பக்கம் இதற்கு ஒதுக்கினால் பெரும் புண்ணியம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவோ அப்பாவோ இப்படி ஒன்றை வாங்கிவிட்டால் பணத்தைப் பற்றி முதலில் பேசாதீர்கள். எங்கள் மகள் பேசிவிட்டார், என் மனைவி இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு நாளில்தான் தலைக்குள் கரண்ட் அடிப்பதை எங்களிடம் மறைத்திருக்கிறார். மருந்து சாப்பிடுகிறீர்களா என்று முதலில் கேளுங்கள். மனம் தாங்காத நேரத்தில் கூப்பிட 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணும், சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 என்ற எண்ணும் 24 மணி நேரமும் இருக்கின்றன. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

என் மனைவி இப்போது மருத்துவர் சொன்னபடி மாத்திரையை மறுபடி எடுக்கிறார். அரிசி டப்பாவுக்குப் பின்னால் இல்லை, சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. 4 மணிக்கு எழுந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தார். சிவப்பு விளக்கு பெட்டிக்குள் அலமாரி மேல் இருக்கிறது.

அந்த மருந்தாளர் மருந்து உறையின் பின்புறத்தில் தம் கைப்பட எழுதிக் கொடுத்தது எங்கள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது: 'தினம் காலை ஒன்று. பலன் தெரிய 4 முதல் 6 வாரம். நீங்களாக நிறுத்த வேண்டாம், எங்களைக் கேளுங்கள்.' மூன்றே வரி. மருத்துவமனைகளோ மருந்தகங்களோ இந்த மூன்று வரியைத் தமிழில் அச்சடித்துத் தந்தால், எங்கள் வட்டாரத்தில் தமிழ் மூத்தோர் இருக்கும் வீடுகளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தும் காட்டுகிறேன். காலை நேரம் முழுதும் எனக்கு ஓய்வுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணியாளர்,
ஈசூன்